கருவுற்ற மகளிரும் கஞ்சாவும்: கண்டிப் பகுதியை முன்வைத்து ஒரு நோக்கு

கண்டிமாநகரிலிருந்து கட்டுகஸ்தோட்டை வழியாகக் குருணாகலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், மலைநாடு தாழ்ந்து ஏழு கோறளைச் சமநிலத்தை எட்டிப்பார்க்கும் இடத்தில் அமைந்த சிறு பட்டினம் கலகெதர. அதனை அடுத்து மடிகே என வழங்கும் ஊர்ப்பெயர், கண்டி மன்னர் காலத்தில் பொதிமாட்டுப் போக்குவரத்தைக் கவனித்த மடிகே பத்த என்னும் அரச பகுதியை இன்றும் நினைவூட்டுகின்றது. அப்பணியில் முஸ்லிம் மக்கள் பெரும்பங்கு கொண்டிருந்தனர். உப்பும் கருவாடும் மலையேறின, பாக்கு மலையிறங்கியது. பண்டங்கள் சென்ற வழியே மருந்துகளும் மருந்து பற்றிய நம்பிக்கைகளும் சென்றன எனக் கொள்வதில் தவறில்லை. இன்றும் இத்தகைய பட்டினம் ஒன்றில் ஆங்கில மருந்துக்கடை, சிங்கள வைத்தியரின் மருந்துச்சாலை, சுகாதார வைத்திய அதிகாரியின் தாய்சேய் நலக் கிளினிக் ஆகியன ஒன்றுக்கொன்று எட்டும் தூரத்திலேயே இருக்கும். கருவுற்ற பெண்ணொருத்தி இம்மூன்றிடத்தும் செல்வாள். மூன்றிடத்தும் தான் பெற்றதை மூன்றிடத்திலும் சொல்லமாட்டாள். இக்கட்டுரை ஆராயப் புகுவது இச்சொல்லாமையையே எனலாம். கஞ்சா அதற்குத் தக்க எடுத்துக்காட்டாக அமைகின்றது.

கஞ்சா என்றவுடன் நம்மவர் மனத்தில் எழுவது புகைக்கும் இளைஞனின் உருவம். ஆனால் இந்நாட்டு எழுத்துச் சான்றுகளில் அது முதன்முதல் விரிவாகத் தோன்றுவது போதைப் பொருளாக அன்று, மருந்தாகவே. 1660 ஆம் ஆண்டு கொட்டியாரக் குடாவிற் சிறைப்பட்ட றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயன் கண்டியரசில் ஏறத்தாழ இருபதாண்டுகள் வாழ்ந்தான். முதலில் அவன் வைக்கப்பட்ட பண்டாரகொஸ்வத்த ஏழு கோறளையில் உள்ளது; பின்னாளில் அவன் வீடு கட்டி வாழ்ந்த எலதெத்த கண்டிக்கு அண்மையில் உடுநுவரவில் உள்ளது. நாம் மேலே குறித்த சாலையின் இரு அந்தங்களிலும் பரந்து கிடக்கும் நாட்டையே அவன் அறிந்திருந்தான் எனலாம். தலையில் தொப்பி பின்னி விற்றும், பொதி சுமந்து ஊரூராகத் திரிந்தும் வந்த அவன், வடக்கே வறண்ட நிலத்துக் குளநீரைப் பருகிக் காய்ச்சலால் வருந்தினான். அதற்கு மாற்றாக ஓர் உலர்ந்த இலையைத் தூளாக்கிச் சர்க்கரைக்கட்டியுடன் சேர்த்துக் காலையிலும் மாலையிலும் வெறுவயிற்றில் உண்டதாகவும், அதன் பின் நோய் அணுகவில்லை எனவும் 1681 இல் வெளிவந்த தன் நூலில் எழுதியுள்ளான். போர்த்துக்கேயர் அதனைப் பங்கா என்பர் எனவும், அது மூளையை மயக்கித் தலைசுற்றச் செய்யும் எனவும் அவனே குறிக்கின்றான். 1679 இல் அரிப்புக்குத் தப்பிச் சென்று தாயகம் மீண்ட நொக்ஸ் வாயிலாகச் செய்தியறிந்த றொபேட் ஹுக் என்னும் அறிஞர், 1689 டிசெம்பரில் இலண்டன் றோயல் கழகத்தில் இவ்விலை பற்றி உரையாற்றினார். ஆங்கில அறிவியல் உலகு கஞ்சாவைப் பற்றி விரிவாகக் கேட்ட முதல் உரைகளில் ஒன்று, கண்டியரசிலிருந்து மீண்ட ஒரு கைதியின் அனுபவத்தால் எழுந்தது என்பது நம் நாட்டவர் பலரும் அறியாத செய்தி.

நொக்ஸின் கூற்றில் ஒரு நுட்பம் உண்டு. காய்ச்சலைத் தீர்த்தது இலைதானா, அன்றிக் காய்ச்சல் தானே தணிந்ததா என்பதை அவன் அறியான். எனினும் அவனளவில் அது மருந்து. மருந்து என்னும் பெயர் ஒரு பொருளுக்கு ஒருமுறை வாய்த்துவிட்டால் அதனை நீக்குதல் எளிதன்று.

உள்நாட்டு மருத்துவ மரபும் அப்பெயரை வலுப்படுத்தியது. தமிழ்ச் சித்த மருத்துவர் இதனைக் கோரக்கர் மூலி எனச் சித்தர் ஒருவரின் பெயராலேயே வழங்கினர். ஆயுர்வேதத்தின் மிகப் பழைய நூல்களிற் சிறப்பிடம் பெறாத இது, இடைக்காலத்துச் சார்ங்கதர சங்கிதையில் இடம்பெறுகின்றது. அந்நூல் பங்கத்தையும் அபினையும் வியவாயி என்னும் வகையிற் சேர்க்கும். செரிமானம் ஆவதற்கு முன்னரே உடலெங்கும் பரவும் இயல்புடையது என்பது அச்சொல்லின் பொருள். கொழுப்பிற் கரைந்து விரைந்து பரவும் பொருளென இக்கால வேதியியல் கூறுவதற்கு இது மிக அணித்தாக நிற்பது வியப்பளிக்கின்றது. நெய்யில் வறுத்த கஞ்சா இலையுடன் பல்வேறு சரக்குகளும் சேரும் மதன மோதகம் என்னும் உருண்டை, பசியையும் வீரியத்தையும் பெருக்குவதாகக் கூறப்பட்டு இலங்கையிற் பரவலாக அறியப்பட்டது.

சட்டமும் இவ்விரு முகங்களையும் ஏற்றுக்கொண்டுள்ளது. 1929 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க நஞ்சு, அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் கஞ்சாவை வளர்த்தலையும் வைத்திருத்தலையும் விற்றலையும் தடுக்கின்றது; 1984 ஆம் ஆண்டுத் திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. எனினும் ஆயுர்வேத மருந்தாக்கத்திற்கென அரச கட்டுப்பாட்டின் கீழ் அதனை வழங்க இடமுண்டு. நீதிமன்றங்களில் ஒப்படைக்கப்பட்ட கஞ்சாவின் ஒரு பகுதி மருந்துற்பத்திக்குச் செல்வதும் உண்டு. ஆனால் மோதகம் என்ற பெயரில் ஒழுங்கற்ற முறையிற் செய்த உருண்டைகள் சிறு பொதிகளாகக் கடைகளில் விற்கப்படுவதாகவும், பாடசாலை மாணவர் கைக்கும் அவை எட்டுவதாகவும் பத்திரிகைகள் பலமுறை செய்தி வெளியிட்டுள்ளன. பொதியின் மேல் மூலிகைப் படம் இருக்கும். உள்ளே எவ்வளவு கஞ்சா உள்ளதென்பது செய்தவனுக்கே தெரியாது.

இலங்கை மகளிரிடையே புகைத்தல் மிக அரிது. ஆதலின் மேலைநாட்டு ஆய்வுகள் பேசும், நாள்தோறும் கஞ்சாப் புகைக்கும் கர்ப்பிணியை நம் சூழலில் அப்படியே தேடினால் பெரும்பாலும் காணமாட்டோம். காணாமையால் இங்கு அவ்வினாவே இல்லையெனக் கருதுவாருமுளர். நாம் அவ்வாறு கருதவில்லை. நம் பெண்ணிடம் அது வேறு வழிகளால் வந்து சேரக்கூடும்: பசிக்கும் உறக்கத்திற்கும் எனக் கொடுக்கப்படும் இலேகியம் அல்லது மோதகமாக, கணவன் ஒரே அறையிற் புகைக்கும் புகையாக, கருத்தரித்ததை அறியுமுன்னர், வீரியத்திற்கென இருவரும் உண்ட உருண்டையாக. மூன்றிலும் அவள் தான் கஞ்சா பயன்படுத்துவதாக எண்ணுவதில்லை. ‘கஞ்சா பாவிப்பீர்களா’ என்று கேட்டால் இல்லையென்பாள். அது பொய்யும் அன்று.

கருவுற்ற காலத்தில் இப்பொருளை நாடத் தூண்டும் முதற்காரணம் மசக்கை. பழந்தமிழ் நூல்கள் கருக்கொண்டாரின் வேட்கையையும் வருத்தத்தையும் வயா என்னும் சொல்லாற் சுட்டும். மலைநாட்டிலும் ஆழ்கடலுக்கு அப்பாலும் அவ்வருத்தம் ஒன்றே. அதற்குக் கஞ்சாவைக் கைக்கொண்ட வரலாறும் பல நாடுகளுக்குப் பொது. 1862 இல் அமெரிக்க மருத்துவர் ஒருவர் கர்ப்பகால வாந்தி கஞ்சாவால் தணிந்ததென எழுதினார். அதற்கு முன்னரே 1851 இல் எடின்பரோவைச் சேர்ந்த அலெக்சாந்தர் கிறிஸ்ரிசன், பிரசவ வேளையிற் கருப்பையின் சுருக்கத்தை அது மிகுவிக்கின்றதென எழுதியிருந்தார். ஒரே பொருள் வாந்தியை அடக்கவும் கருப்பையைச் சுருக்கவும் கூடுமென ஒரே நூற்றாண்டு நம்பியது என்பதை எண்ணிப்பார்த்தல் வேண்டும். அண்மைக்காலத்திலும் நிலைமை பெரிதும் மாறவில்லை. கஞ்சா விற்பனை சட்டபூர்வமான கொலராடோ மாநிலத்தில் 2018 இல் வெளியான ஆய்வொன்றில், மசக்கையால் வருந்தும் கர்ப்பிணிபோற் பேசி 400 விற்பனை நிலையங்களுக்குத் தொலைபேசியில் வினாவியபோது, நூற்றுக்கு 69 வீதமானவை கஞ்சாவைப் பரிந்துரைத்தன. விற்போர் பலர் தம் சொந்தக் கருத்தையே அடிப்படையாகக் கொண்டனர். நம்மூர்க் கடைக்காரரைக் குறைகூறும் முன் இதனையும் நினைத்தல் நன்று.

இதில் முரண் ஒன்றும் உண்டு. நெடுங்காலம் மிகுதியாகக் கஞ்சா கொள்வோர் சிலருக்கு அதுவே அடங்காத வாந்தியை உண்டாக்கும். அவுஸ்திரேலிய மருத்துவர்கள் 2004 இல் இதனை ஒரு நோயாக வகைப்படுத்திக் காட்டினர். சுடுநீரிற் குளிக்கும்போது மட்டும் ஆறுதல் கிடைப்பது அதன் அடையாளம். கருவுற்ற பெண்ணுக்கு இது நேர்ந்தால் மசக்கையெனவே மயங்கி, வாந்தியைத் தீர்க்க மேலும் அதையே நாடும் சுழல் தோன்றும்.

உடலினுள் நிகழ்வதைச் சிறிது விளக்குதல் வேண்டும். கஞ்சாவின் மயக்கும் பொருளான தெட்ராஹைட்ரோகன்னாபினோலை மெச்சூலமும் கயோனியும் 1964 இல் இஸ்ரவேலிற் பிரித்தெடுத்தனர். அது நீரிற் கரையாது, கொழுப்பிற் கரையும். ஆதலின் உடற்கொழுப்பிற் தங்கி, நாட்கணக்கில், இடைவிடாது கொள்வோரில் வாரக்கணக்கில், சிறிது சிறிதாகக் குருதியிற் கசியும். மாலையில் உண்டது மறுநாட் காலையில் நீங்கிவிடும் என்னும் எண்ணம், சாராயத்தைப் பார்த்துக் கொண்ட எண்ணமாகும். தாய்க்கும் சேய்க்கும் இடையே உள்ள சூல்வித்தகம், அதாவது வழக்கில் நஞ்சு எனப்படும் உறுப்பு, பல நச்சுக்களைத் தடுக்கும் அரணெனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. இப்பொருளுக்கு அது அரணன்று. விலங்குகளிற் செய்த சோதனைகள், ஒருமுறை கொடுத்தபோது தாயின் குருதியிலுள்ள அளவில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு குட்டியின் குருதியிற் காணப்படுவதையும், மீண்டும் மீண்டும் கொடுத்தபோது அது உயர்வதையும் காட்டின.

சென்ற பொருள் அங்கே என் செய்யும்? நம் உடலே கஞ்சாவை ஒத்த சில பொருள்களைத் தன்னளவில் ஆக்குகின்றது. 1992 இல் கண்டறியப்பட்ட அவற்றுள் ஒன்றுக்கு ஆனந்தம் என்னும் வடசொல்லையடியாகக் கொண்டு ஆனந்தமைட்டு எனப் பெயரிட்டனர். இவை கலங்களின் மேலுள்ள வாங்கிகள் எனப்படும் ஏற்பிடங்களிற் பூட்டில் திறவுகோல் பொருந்துவதுபோற் பொருந்திச் செய்தி தரும். கரு கருப்பையிற் பதியும் பொழுது ஆனந்தமைட்டின் அளவு தாழ்ந்திருத்தல் வேண்டும். பின்னர் வயிற்றுக் குழந்தையின் மூளையில் நரம்புக்கலங்கள் தத்தம் இடத்தைத் தேடிச் சென்று ஒன்றோடொன்று இணையும்போது இச்செய்திகளே வழிகாட்டுகின்றன. மனித முதிர்மூலவுருவின் மூளையில் ஏறத்தாழப் பதினான்காம் வாரத்திலேயே இவ்வாங்கிகள் காணப்படுகின்றன. வெளியிலிருந்து வரும் கஞ்சா, அளவுமறியாது காலமுமறியாது அதே பூட்டுகளைத் திறக்கின்றது. வளர்ந்தோரில் இது சில மணிநேர மயக்கம். கட்டப்பட்டுக்கொண்டிருக்கும் வீட்டில் இது கொத்தனுக்குப் பிழையான அளவு சொல்வதை ஒக்கும்.

புகையாக வரின் வேறொரு தீங்கும் சேரும். ஒரே அளவு புகையிலையுடன் ஒப்பிடக் கஞ்சாப் புகை, குருதியிற் காபனோரொட்சைட்டின் சுமையை ஏறத்தாழ ஐந்து மடங்கு மிகுவிக்கின்றதென 1988 இல் வெளியான ஆய்வு காட்டியது. புகையை நெடுநேரம் நெஞ்சில் அடக்கி வைப்பது இதற்கு ஒரு காரணம். ஒட்சிசனைச் சுமக்கவேண்டிய ஈமோகுளோபினை அவ்வாயு பற்றிக்கொள்ளும். குருதிச்சோகையுள்ள தாயிடம் இழப்பதற்கு மிகுதி ஏது?

மனிதரிற் செய்த ஆய்வுகளின் முடிவுகள் ஒருமுகமானவை அல்ல. அதனை மறைத்தல் ஆராய்ச்சிக்கு அழகன்று. கஞ்சா கொள்வோர் பலர் புகையிலையும் கொள்வர், வறுமையிலும் வாழ்வர். எது எதனால் விளைந்ததெனப் பிரித்தறிதல் கடினம். 1978 இல் ஒட்டாவாவிற் பீற்றர் ஃபிரைட் தொடங்கிய தொடராய்வில், பிறந்தவுடன் பெரிய வேறுபாடு தோன்றாத பிள்ளைகளிடம், நான்கு வயதளவில் மொழித்திறனிலும் நினைவாற்றலிலும் குறைவு புலப்பட்டது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 2012 முதல் 2017 வரையான ஆறரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களை ஆராய்ந்து 2019 இல் வெளியிட்ட அறிக்கையில், கஞ்சா கொண்டதாகச் சொன்னோரில் 12.0 வீதத்தினரும் கொள்ளாதோரில் 6.1 வீதத்தினரும் காலத்துக்கு முன் பிரசவித்தனர். புகையிலை, மது, வாழ்க்கைநிலை முதலியவற்றால் ஒத்தாரை ஒத்தாருடன் வைத்து நோக்கியபோது இடைவெளி சுருங்கியது; ஆனால் மறையவில்லை. 10.2 வீதத்திற்கு எதிராக 7.2 வீதம் என நின்றது. சுருங்கிய பகுதி வறுமைக்கும் புகையிலைக்கும் உரியது எனலாம். எஞ்சிய பகுதிக்குக் கஞ்சாவே விடைகூற வேண்டியிருக்கும். அமெரிக்கத் தேசிய கல்விக்கழகங்கள் 2017 இல் வெளியிட்ட மதிப்பீடும், தாய் கஞ்சா புகைத்தலுக்கும் பிறப்பு நிறை குறைதலுக்கும் உள்ள தொடர்புக்கு வலுவான சான்று உண்டெனவும், பிள்ளையின் பிற்கால வளர்ச்சி பற்றிச் சான்று போதாதெனவும் வேறுபடுத்திக் கூறிற்று. 2,500 கிராமிற்குக் குறைந்த நிறையுடன் பிறக்கும் குழந்தைகள் ஏற்கெனவே பலராயுள்ள நம் நாட்டில், நிறையை மேலும் குறைக்கக்கூடிய எதுவும் சிறிய செய்தியன்று.

எதிர்ச்சான்றாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது ஜமேய்க்கா ஆய்வு. மெலனி டிரேயர் என்பவர் 1994 இல் வெளியிட்ட அதில், கஞ்சாத் தேநீரும் புகையும் கொண்ட தாய்மாரின் 24 குழந்தைகளும் கொள்ளாதாரின் 20 குழந்தைகளும் ஒப்பிடப்பட்டன. மூன்றாம் நாளில் வேறுபாடு இல்லை. முப்பதாம் நாளில் முதற்பிரிவினரே சில அளவைகளில் மேம்பட்டிருந்தனர். கஞ்சா நன்மை செய்ததென்பதற்கு இதனைக் காட்டுவோர், ஆய்வாளரே தந்த விளக்கத்தை விட்டுவிடுகின்றனர். மிகுதியாகக் கஞ்சா கொண்ட அப்பெண்கள் கல்வியிலும் பொருள் வருவாயிலும் தற்சார்பிலும் உயர்ந்தவராய், பிள்ளையைப் பேணத் துணையுடையோராய் இருந்தனர். நாற்பத்து நான்கு குழந்தைகளை ஒரு மாதம் நோக்கியது நான்கு வயதில் நிகழ்வதைச் சொல்லவும் இயலாது. அன்றியும், அமெரிக்காவிற் கைப்பற்றப்பட்ட கஞ்சாவின் வீரியம் 1995 இல் நூற்றுக்கு 4 அளவிலிருந்து 2014 இல் 12 அளவுக்கு உயர்ந்துள்ளது. பழைய ஆய்வுகளின் ஆறுதல் பழைய கஞ்சாவுக்கே உரியது.

‘இவையெல்லாம் மேலைநாட்டார் கூற்று, நம் மருந்தை நம் மரபுதான் அறியும்’ என்பார்க்கு ஒன்று கூறுவோம். கருவைக் கெடுப்பவை எவையென விரித்துரைக்கும் சரக சங்கிதையின் சரீரத்தானப் பகுதி, நாளும் மது அருந்தும் தாயின் பிள்ளை நினைவாற்றல் குன்றியதாகவும் நிலையற்ற மனமுடையதாகவும் பிறக்கும் என்கின்றது. அங்கே பேசப்படுவது மது, கஞ்சா அன்று. எனினும் தாயின் மயக்கம் பிள்ளையின் மனத்தைச் சேரும் என்னும் நோக்கு நம் மரபுக்கு அயலானதன்று. தேர்ந்த வைத்தியர் கர்ப்பிணிக்கு மருந்து கொடுக்கத் தயங்குவர். தயங்காதவை கடைப் பொதிகளே.

இவ்விடத்தில் வெற்றிலையைப் பற்றியும் ஒரு சொல். குருணாகல் மாவட்டம் வெற்றிலைக் கொடிக்குப் பெயர்பெற்றது. கலகெதர வழியே அது மலைநாடு ஏறும். பாக்கும் புகையிலையும் சேர்த்து மெல்லும் கர்ப்பிணிகள் கஞ்சா உண்போரிலும் மிகப் பலர் என்பதில் ஐயமில்லை. எண்ணிக்கையால் நோக்கின் அத்தீங்கே பெரிது. அது தனிக் கட்டுரைக்குரியது.

இனிச் சொல்லாமைக்கு வருவோம். இலங்கையின் தாய்சேய் நலப்பணி, 1926 இற் களுத்துறையில் முதற் சுகாதாரப் பிரிவு தொடங்கியதிலிருந்து வளர்ந்தது. கலகெதரச் சுற்றூர்களிலும் குடும்பநல மருத்துவமாது வீடு தேடிச் செல்கின்றாள். கர்ப்பிணியின் பதிவட்டை அவள் கையாலேயே நிரப்பப்படுகின்றது. மேலைநாட்டிற் பலருக்குக் கிட்டாத இவ்வாய்ப்பு நம்மிடம் இருக்க, அவளது வினா பிழையாக அமைந்தால் அது வீணாகும். கஞ்சா என்ற சொல்லோடு பொலிசும் நீதிமன்றமும் மானமும் சேர்ந்தே வரும். அமெரிக்காவிற் சில மாநிலங்களிற் கர்ப்பிணியின் பயன்பாடு குழந்தைப் பாதுகாப்புத் துறைக்கு அறிவிக்கப்படுவதால், பெண்கள் மருத்துவரிடம் செல்வதையே தவிர்க்கின்றனர் என அங்குள்ள மகப்பேற்று மருத்துவர் சங்கமே கவலை தெரிவித்துள்ளது. அச்சுறுத்தி அறியப்பட்டது எதுவுமில்லை.

ஆகவே, ‘கஞ்சா பாவிக்கிறீர்களா’ என்பதனினும், ‘பசிக்கோ உறக்கத்துக்கோ வாந்திக்கோ என்ன மருந்து எடுத்தீர்கள் தங்கச்சி, யார் தந்தது, பொதி இருக்கிறதா, வீட்டில் யாரேனும் புகைப்பாரா’ என்று வினாவுதல் தக்கது. பொதியைக் கண்ணாற் காணுதல் பாதி அறிதலாகும். கேட்டபின் வெறுமனே விலக்குதலும் போதாது. வாந்தியால் வருந்துபவளுக்கு மாற்று வேண்டும். சிறிது சிறிதாகப் பலமுறை உண்ணல், இஞ்சி, பிரிடொக்சின் என்னும் பி-6 உயிர்ச்சத்து, இவற்றாலும் தணியாவிடின் மருத்துவர் தரும் மருந்து எனப் படிகள் உள. நீரும் தங்காது சிறுநீர் குறைந்து மெலிவாளாயின் வைத்தியசாலையிற் சேர்த்து நாளம் வழியே நீரேற்றல் இன்றியமையாதது. ஏற்கெனவே உண்டுவிட்டேனே எனக் கலங்குபவளுக்குச் சொல்லவேண்டியது, எந்த மாதத்தில் நிறுத்தினும் அதன் பின்னுள்ள வளர்ச்சிக்கு நன்மை உண்டென்பது. ஒருமுறை அறியாது உண்டதால் கருவைக் கலைக்க எண்ணுதல் அறியாமையாகும்.

பிரசவத்தின் பின்னரும் வினா முடிவதில்லை. உடல் தேறவெனப் பிள்ளைபெற்ற வீட்டிற்கு இலேகியங்கள் வருவது அப்போதுதான். 2018 இல் வெளியான ஆய்வொன்று, தாய் கடைசியாகக் கஞ்சா கொண்டு ஆறு நாள்வரை தாய்ப்பாலில் அதனைக் கண்டது. கொழுப்பு மிகுந்த பாலில் அது தங்குவது இயல்பே; ஒருவேளைப் பாலைப் பீய்ச்சி ஊற்றிவிடுவதால் நீங்காது. நிறுத்தவேண்டியது பாலை அன்று. அவ்வாரங்களில் மருத்துவமாது மீண்டும் அவ்வீட்டுக்குச் செல்கின்றாள். குழந்தையை நிறுக்கும்போதே, தாயின் தலைமாட்டில் இருக்கும் இலேகியச் சாடியின் பெயரையும் அவள் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.